லில்லியைப் போடியில் சேர்த்த நாட்கள்

ஈப்போவிலிருந்து போடிநாயக்கனூருக்கு நான் ஒரு ஜாடியோடு போனேன். ஜாடிக்குள் என் மனைவி லில்லி இருந்தாள். இப்படிச் சொன்னால் என் மகளுக்குப் பிடிக்காது. "அது அம்மாவின் அஸ்திப்பா, அம்மா இல்லை" என்று திருத்துவாள். இருக்கலாம். ஆனால் விமானத்தில் அந்த ஜாடியைப் பெட்டிகளோடு பெட்டியாக மேலே தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, காலை அசைக்காமல் வந்தேன்.

லில்லி போடியில் பிறந்தவள். அவள் அப்பா பொன்னையா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். இருபத்து மூன்று வயதில் என்னைக் கட்டிக்கொண்டு மலேசியாவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், "என்னை அப்பா பக்கத்துல கொண்டுபோய்ப் பொதைச்சிருங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம். அவள் போன பிறகுதான் ஓர் உடலைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது எத்தனை காகிதம், எத்தனை கையெழுத்து என்று தெரிந்தது. எங்கள் ஊர்க் கல்லறையிலும் இடம் நெருக்கடி. பிள்ளைகள், "எரித்துவிடலாம்பா, பிறகு கொண்டுபோகலாம்" என்றார்கள். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் கேட்டது மண். நான் கொடுத்தது நெருப்பு. இரண்டு வருடமாக இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

நான் பெரிய பக்திமான் இல்லை. மின்சார இலாகாவில் முப்பது வருடம் மீட்டர் சரிபார்த்தவன். ஞாயிறுதோறும் லில்லி கோயிலுக்குப் போனாள். நான் கார் ஓட்டினேன், அதனால் நானும் உள்ளே உட்கார்ந்தேன். சரீரம் உயிர்த்தெழும் என்று எல்லோரும் எழுந்து நின்று அறிக்கை செய்கிற அந்த வரியை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ, ஒரு முறையும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. அவளை எரித்த பிறகு அந்த வரி வரும்போது என் வாய் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. எந்தச் சரீரம் என்று என்னை யாரோ கேட்பதுபோல இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் கவனித்தார்களா தெரியாது. நான் கவனித்தேன்.

போடிச் சபைக்குக் கடிதம் எழுதினேன். அங்கே பாதிரியாராக இருந்த ஆயர், ஈஸ்டர் வாரத்தில் வாருங்கள், வாத்தியார் கல்லறைப் பக்கத்திலேயே வைத்துவிடலாம் என்று அன்பாகப் பதில் போட்டார். அந்தப் பதிலை நம்பித்தான் கிளம்பினேன்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று காலை மதுரையில் இறங்கினேன். ஈப்போவிலும் வெயில் உண்டு. ஆனால் அங்கே பகலெல்லாம் வேர்க்க வைத்தாலும் மாலையில் மழை வந்து சமாதானம் செய்துவிடும். மதுரை வெயிலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என்னை அழைத்துப் போக வந்த டிரைவர் முருகேசன் நாற்பது வயதுக்காரர், தேனிப் பக்கம் மார்க்கையன்கோட்டை. மடியில் இருந்த ஜாடியைப் பார்த்து என்ன என்று கேட்டார். மனைவியின் அஸ்தி, ஊரில் சேர்க்கக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். உடனே காருக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் தூங்கிப்போனேன்.

"சார், எந்திரிங்க. வந்துருச்சு" என்று அவர் எழுப்பியபோது தண்ணீர் சத்தம் கேட்டது. சுற்றிலும் மரங்கள், குரங்குகள், ஈரத்துணியோடு நடமாடும் ஜனங்கள். போடியில் இப்படி ஓர் இடத்தைப் பற்றி லில்லி சொன்னதே இல்லையே என்று குழம்பினேன். அது போடி இல்லை. தேனியில் போடிக்குத் திரும்பாமல் வேறு பக்கமாக, கம்பத்துக்கும் அப்பால், சுருளி அருவிக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்.

"அஸ்தின்னு சொன்னீகள்ல சார். நம்ம பக்கம் எல்லாரும் இங்கன வந்துதான் கரைப்பாக. போடிக்குப் போயிட்டுத் திரும்ப இங்கன வரணுமேன்னு நேராக் கொண்டாந்துட்டேன்."

நான் பதில் சொல்வதற்குள், தோளில் துண்டு போட்ட ஒருவர் வாழையிலையோடு வந்து, இறந்தவர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயர் லில்லி, நட்சத்திரம் தெரியாது என்றேன். அவர் சற்றும் அசரவில்லை. தெரியாவிட்டாலும் செய்யலாம் என்று இலையை விரிக்கத் தொடங்கினார். நான் கிறிஸ்தவன் என்று சொன்ன பிறகுதான் இலையை மடித்தார். கோபப்படவில்லை. ஜாடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

முருகேசன் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஆள் கேட்பதுபோலக் கேட்டார்.

"நீங்க புதைக்கிற ஆளுகளாச்சே சார். புதைக்கிறவுக எதுக்கு எரிச்சீக?"

இரண்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. என் ஆயர் கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்கவில்லை. ஒரு டிரைவர், அருவிக்கரையில், குரங்குகளுக்கு நடுவில் கேட்டுவிட்டார். இடம் இல்லை என்று ஏதோ முனகினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் தன் தவறுக்குப் பரிகாரமாக, திரும்பும் வழியில் தன் ஊரிலேயே நிறுத்தி ஒரு கடையில் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். சோறும் கருவாட்டுக் குழம்பும். அந்த ஊர் அரிசி நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் பாலிதீன் பையில் வரும் அரிசிக்கு அந்த மணம் இல்லை. ஜாடியை மேசைமேல் வைத்தால் மற்றவர்கள் சங்கடப்படுவார்களோ என்று நான் தயங்க, அவரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "அம்மாவ இதுல வைங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை போடி விடுதியிலிருந்து பசியாறக் கிளம்பினேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். பெரிய வெள்ளி ஆகையால் வெறும் தேநீரோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் ஊர்த் தேநீரைப்போலவே இங்கேயும் உயரத் தூக்கி ஆற்றுகிறார்கள். ஆனால் குவளை பாதிதான். கடைக்கு எதிரே ஜீப்புகள் நின்றன. மலைக்கு மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குவாளிகளோடு, ஒரு ஜீப்புக்குப் பதினைந்து பேர் என்று அடைந்துகொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் தேநீர் குடித்த தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவர் கைபேசியில் மலையாளத்தில் யாரையோ கண்டித்தார். எனக்குக் கொஞ்சம் மலையாளம் புரியும். "நேற்று பெய்த மழையில் அந்தச் சரிவு இளகியிருக்கிறது. இன்றைக்குப் பெண்களை அந்தப் பக்கம் அனுப்பாதே. முன்னே ஒரு தடவை பட்டது போதாதா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு மறந்துபோனேன்.

பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஆராதனை. மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிந்ததும் கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் கஞ்சியும் துவையலும் கொடுத்தார்கள். நான் ஜாடியை அவளுடைய பாத்திக் என்னும் மலாய்ச் சாயத்துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். ஆயரைத் தேடினால் ஓர் இளைஞர் வந்தார். எனக்குக் கடிதம் எழுதியவர் மாற்றலாகிப் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கல்லறை விஷயம் கமிட்டி கையில் இருக்கிறது என்று சொல்லி, செயலாளரைக் கூப்பிட்டார்.

செயலாளர் ராஜமணி ஏலக்காய் வியாபாரி. அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டையிலிருந்தே ஏலக்காய் மணத்தது. என் மாமனாரிடம் படித்தவர் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. துணியைப் பிரித்து ஜாடியைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வாத்தியார் மகளுக்கு இடம் இல்லைன்னு சொல்லலைய்யா. ஒடம்பாக் கொண்டாந்திருந்தீகன்னா நானே முன்ன நின்னு குழி வெட்டியிருப்பேன். சாம்பலக் கொண்டாந்து நிக்கிறீகளே."

சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று நான் சற்றுச் சூடாகவே கேட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். குற்றம் என் பக்கம் இருக்கும்போது இன்னும் சீக்கிரம் வரும். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவர்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் அவருடைய தாத்தா. அந்தத் தாத்தா இறந்தபோது பங்காளிகள் விறகை அடுக்கிவைத்துவிட்டு உடலைக் கேட்டு வாசலில் நின்றார்களாம். எரிப்பதுதான் அவர்கள் வழக்கம். அவருடைய அப்பா கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பகல் முழுவதும் தரமாட்டேன் என்று நின்று, பிறகு நான்கே பேராகத் தூக்கிப்போய்ப் புதைத்தாராம். அதற்குப் பிறகு அந்தச் சொந்தக்காரர்கள் இந்த வீட்டில் கை நனைக்கவே இல்லை.

"எரிச்சா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். புதைச்சா, காத்திருக்கோம்னு அர்த்தம். அதுக்காகத்தான் எங்க அப்பா அம்புட்டுப் பேரையும் விட்டாரு. அத நான் எப்பிடி லேசா விட முடியும்?"

வறட்டு மனிதர் என்றால் சண்டை போடலாம். இவர் நம்புகிறார், அந்த நம்பிக்கைக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். வாரா வாரம் கார் ஓட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து வந்த நான் என்ன கொடுத்திருக்கிறேன்?

இந்தச் சபையில் ஒரு வழக்கம் இருப்பதையும் ஆயர் அப்போதுதான் சொன்னார். ஈஸ்டர் விடியலில் எல்லோரும் கல்லறைக்குப் போய் அவரவர் வீட்டார் கல்லறை அருகே மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பார்கள். ஆயர் வரிசையாக வருவார். ஒவ்வொரு கல்லறையிலும் வீட்டார் இறந்தவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சபை முழுவதும், "எழும்புவார்" என்று பதில் சொல்லும். லில்லியும் சிறுவயதில் அங்கே நின்று தன் தாத்தா பெயரைச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. யார் பெயர் வேண்டுமானாலும் சொல்லலாமா என்று கேட்டேன். அங்கே புதைத்தவர்கள் பெயரை மட்டும்தான் என்றார் ராஜமணி. மறுநாள் காலை கல்லறையில் சுண்ணாம்பு அடிக்க எல்லோரும் வருவார்கள், கமிட்டியும் அங்கேயே கூடிப் பேசி முடிவு செய்யும் என்று எழுந்து போனார். திங்கட்கிழமை எனக்கு விமானம். இந்த இரண்டு நாளில் நடக்காவிட்டால் லில்லியை மறுபடியும் ஈப்போவுக்குத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் ஜாடியை ஜன்னலோரம் வைத்தேன். அங்கிருந்து மலை தெரிந்தது. எங்கள் ஈப்போ மலைகள் வெள்ளைப் பாறையாகத் தனித்தனியே நிற்கும். இது ஒரே சுவராக நீண்டு கிடந்தது. ராஜமணி சொல்வது உண்மையாக இருந்தால் உனக்கு நான் செய்தது என்ன என்று லில்லியிடம் வாய்விட்டுக் கேட்டேன். பகலில் யாராவது இப்படிக் கேட்டால் சிரித்திருப்பேன். படித்தவன், மின்சாரம் தெரிந்தவன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். அவள் எழும்புவதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் செய்துவிட்டேனோ என்ற பயம். அறுபத்தெட்டு வயதில் நான் குழந்தைபோல அழுதேன்.

சனிக்கிழமை காலை கல்லறைக்குப் போனபோது அங்கே திருவிழாக் கூட்டம். ஊர் ஓரம், கம்பிவேலி போட்ட இடம். ஆணும் பெண்ணுமாக வாளிகளில் சுண்ணாம்பு கரைத்து, மட்டையை நசுக்கிச் செய்த தூரிகையால் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். களைகளைப் பிடுங்கிக் குவித்தார்கள். ஒருவருக்கொருவர் வாளி கொடுத்து, மோர் கொடுத்து, பேசிக்கொண்டே வேலை நடந்தது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஆள் வைத்துவிடுகிறோம்.

மாமனார் கல்லறையைத் தேடினேன். போடியில் அவர்கள் குடும்பத்தில் ஒருவரும் மிச்சமில்லை. புதர் மண்டி, எழுத்து அழிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பொன்னையா, ஞானம்மாள் என்ற பெயர்கள் கறுப்பு மையில் பளிச்சென்று தெரிந்தன. ஈரச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பக்கத்தில் ஒரு பெண் குத்தவைத்து, அடுத்த கல்லறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒடிசலான உடம்பு. பெயர் பாக்கியம் என்றார். ஆள் இல்லாத கல்லறைகளுக்கெல்லாம் வருடா வருடம் அவர்தான் சுண்ணாம்பு அடிக்கிறாராம். யாரும் சொல்லிச் செய்வதில்லை, கூலியும் இல்லை.

உங்கள் வீட்டார் கல்லறை எது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் தூரிகையை வாளியில் முக்கி எடுத்து, வேலையை நிறுத்தாமலே சொன்னார். அவர் கணவர் மலையில் தோட்டத்துக் குடியிருப்பில் தங்கி வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஆடி மழையில் மலை சரிந்து குடியிருப்பு முழுவதும் மண்ணோடு போய்விட்டது. மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள். அவர் மட்டும் கிடைக்கவில்லை. அதனால் பாக்கியத்துக்குக் கல்லறை இல்லை. ஈஸ்டர் விடியலில் அவர் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு மெழுகுவர்த்தி கொடுப்பார். பெயர் சொல்லும்போது மற்றவர்களுக்காக, "எழும்புவார்" என்று சொல்வார். தன் ஆளுக்காகச் சொல்ல இடம் இல்லை.

தேநீர்க் கடையில் அந்த மேற்பார்வையாளர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்து மணிவாக்கில் புங்க மரத்தடியில் கமிட்டி கூடியது. ஆறு பேர். நான் ஜாடியோடு ஓரத்தில் நின்றேன். ஆயர் முதலில் பேசினார். பழைய காலத்தில் ரோமாபுரியில் விசுவாசிகளைச் சிங்கத்துக்குப் போட்டார்கள், தீயில் எரித்தார்கள், அவர்களெல்லாம் எழும்பமாட்டார்களா என்று கேட்டார். நல்ல வாதம். ஆனால் ரோமாபுரியில் நடந்தது போடியில் ஒருவரையும் தொடவில்லை. அது பகைவர் செய்தது, இது நாமே செய்துகொண்டது என்றார் ஒருவர். இன்றைக்கு இவருக்கு விட்டால் நாளைக்கு எல்லோரும் எரித்துவிட்டு டப்பாவில் கொண்டுவருவார்கள் என்றார் இன்னொருவர். ராஜமணி என்னைப் பார்த்து, உங்கள் மனைவி இப்படித்தான் கேட்டார்களா என்றார். பொய் சொல்லியிருக்கலாம். இல்லை, அவள் புதைக்கத்தான் சொன்னாள், நான்தான் எரித்தேன், சுலபமாக இருந்தது என்பதால் எரித்தேன் என்று சொன்னேன். என் தரப்பை நானே கெடுத்துக்கொண்டேன்.

அப்போது பாக்கியம் கையில் சுண்ணாம்போடு மரத்தடிக்கு வந்தார். கமிட்டியில் பெண்கள் யாரும் இல்லை. அதோடு அவர் வேலை பார்ப்பது ராஜமணியின் கடையில், ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. அது எனக்கு அப்போது தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொதலாளி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்" என்றார். குரல் உயரவில்லை. "எங்க வீட்டுக்காரவுக மண்ணோட போனாக. பன்னெண்டு நாளு தேடுனாக. ஒரு செருப்புகூடக் கெடைக்கல. இந்த அம்மாவுக்கு ஒரு ஜாடியாவது இருக்கு. ஒடம்பு இருந்தாத்தான் எந்திரிக்க முடியும்னா, அவுக எந்திரிப்பாகளா, மாட்டாகளா? மாட்டாகன்னா இப்பவே சொல்லிருங்க. நாளைக்கி நான் கோயிலுக்கு வரல. எந்திரிப்பாகன்னா, இந்த அம்மாவ இங்கன வைங்க."

ஆயர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜமணி பாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் தன் கடையில், ஒரே கூரைக்குக் கீழே, எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பெண். இந்தக் கேள்வியை ஆறு வருடமாக வைத்துக்கொண்டு அவர் ஏலக்காய் பொறுக்கியிருக்கிறார் என்பது ராஜமணிக்கும் அந்த நிமிடம்தான் தெரிந்திருக்க வேண்டும். ராஜமணி எழுந்து வேலியோரம் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கொட்டகையைத் திறந்து மம்பட்டியோடு திரும்பி வந்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வச்சுருவோம்" என்றார். பிறகு பாக்கியத்தைப் பார்த்து, "நாளைக்குக் கோயிலுக்கு வா ஆத்தா" என்றார்.

மாமனாருக்கும் மாமியாருக்கும் நடுவே முழ ஆழத்துக்கு ராஜமணியே குழி வெட்டினார். வேட்டியெல்லாம் சுண்ணாம்பும் மண்ணும். மாலையில் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். முருகேசனும் நான் சொல்லியனுப்பியதைக் கேட்டுத் தன் ஊரிலிருந்து ஒரு மல்லிகைச் சரத்தோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஜாடியை அப்படியே இறக்கப் போனபோது ராஜமணி தடுத்தார். ஜாடி எதற்கு, மண்ணோடு மண்ணாக இருக்கட்டும் என்றார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த மூடியைத் திறந்தேன். நான் நினைத்ததுபோல அது விபூதி மாதிரி மெல்லிய சாம்பல் இல்லை. சொரசொரப்பாக, சிறு சிறு எலும்புத் துணுக்குகளோடு இருந்தது. அவள் உடம்புதான் அது. அதைக் கையால் அள்ளி அள்ளித்தான் போட்டேன். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பாக்கியம் மண்ணைத் தள்ளிக் கையால் தட்டிச் சமப்படுத்தினார்.

ஞாயிறு அன்று கிழக்கு வெளுப்பதற்கு முன்பே கல்லறை நிரம்பிவிட்டது. வெள்ளையடித்த கல்லறைகளும், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தியும். வாசலில் பாக்கியம் மெழுகுவர்த்திப் பெட்டியோடு நின்று எனக்கும் ஒன்று கொடுத்தார். முதலாளி ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். மலைப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. ஈப்போவை விட்டுக் கிளம்பிய பிறகு அன்றுதான் எனக்குக் குளிர்ந்தது.

ஆயர் முதல் வரிசையிலிருந்து வந்தார். ஒரு வீட்டார் ஒரு பெயரைச் சொன்னார்கள். நூறு நூற்றைம்பது பேர், "எழும்புவார்" என்றார்கள். அடுத்த பெயர். மறுபடியும். கிழவர்களின் பெயர்கள், ஒரு சின்னக் குழந்தையின் பெயர். ராஜமணி தன் தாத்தா பெயரைச் சொன்னபோது நிமிர்ந்து நின்று சொன்னார். யாரும் அழவில்லை. வருகைப் பதிவு எடுப்பதுபோல அத்தனை சாதாரணமாக நடந்தது. அந்தச் சாதாரணம்தான் என்னை உலுக்கியது.

எங்கள் கல்லறை வந்தது. பொன்னையா என்றேன். ஞானம்மாள் என்றேன். சபை பதில் சொன்னது. லில்லி என்றேன். எழும்புவார் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஈப்போவில் மூடிக்கொண்ட வாய் இங்கேயும் மூடிக்கொண்டது. அவளை மண்ணில் வைத்துவிட்டேன், ஆனாலும் வரவில்லை.

ஆயர் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அவர் அங்கியைப் பிடித்து நிறுத்தி, இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றேன். வாசலுக்குப் போய்ப் பாக்கியத்தை அழைத்தேன். அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"அது ஒங்க ஆளுக இடம்யா."

"லில்லிக்கும் உடம்பு இல்லைம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கும் இல்லை. கூப்பிடுகிற ஆண்டவர் இரண்டு பேரையும் ஒரே இடத்திலிருந்து கூப்பிட்டுக்கொள்ளட்டும். வாங்க."

வந்தார். என் மெழுகுவர்த்தியிலிருந்து தன்னுடையதை ஏற்றி, லில்லியின் மண்மேல் ஊன்றினார். ஆயர் காத்திருந்தார். பாக்கியம் என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார். பெயரை நான் சொல்ல முடியுமா என்று. கட்டிய நாளிலிருந்து அவர் கணவர் பெயரை வாயால் சொன்னதே இல்லையாம். எனக்கு அந்தப் பெயர் தெரியாது என்றேன். அதுதான் உண்மை. ஆறு வருடமாக அங்கே யாரும் அதைச் சொல்லவில்லை.

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மலையைப் பார்த்தார்.

"யோசுவா" என்றார்.

ஒரு நொடி சபை தயங்கியது. புதைக்காத ஒருவர் பெயர் அங்கே அதுவரை சொல்லப்பட்டதில்லை. பிறகு பதில் வந்தது. முதலில் கேட்டது ராஜமணியின் குரல். இரண்டாவது என்னுடையது.